வன்பொருள் முடுக்கம் கிடைக்காதபோது மெய்நிகராக்க மென்பொருள் மறுக்க வேண்டுமா, மெதுவாக ஓட்ட வேண்டுமா?

ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிதான் மெய்நிகர் கணினி. அத்தகைய கணினிகளைத் தொடங்கி வைக்கும் மென்பொருளை எழுதுகிறவர்களும், அதை மற்றவர்களுக்காக அமைத்துக் கொடுக்கிறவர்களும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். நிரல் எழுந்து பார்க்கிறது. மெய்நிகர் கணினியை வேகமாக ஓட்டச் செயலியே தரும் மெய்நிகராக்க வசதி, அதாவது வன்பொருள் முடுக்கம், கைக்கு வரவில்லை. இன்டெல்லில் அதன் பெயர் வி.டி.-எக்ஸ், ஏ.எம்.டி.யில் ஏ.எம்.டி.-வி. இப்போது என்ன செய்வது? முடியாது என்று சொல்லி நின்றுவிடலாம். செயலியின் வேலையை நிரலாலேயே போலச் செய்யும் மென்பொருள் எமுலேஷனுக்கு இறங்கி, பயனரிடம் எதுவும் சொல்லாமல் மெதுவாக ஓட்டலாம். சொல்லிவிட்டு இறங்கலாம். பயனர் முன்பே அனுமதித்திருந்தால் மட்டும் இறங்கலாம். கணினியில் ஏற்கெனவே குடியிருக்கும் வேறொரு ஹைப்பர்வைசரிடம் (மெய்நிகர் கணினிகளை மேற்பார்க்கும் மென்பொருளிடம்) முடுக்கத்தைக் கேட்டு வாங்கலாம்.

இந்த ஐந்தையும் நடைமுறையில் வைத்திருக்கும் கருவிகள் உண்டு. என் நிலைப்பாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சொல்லாமல் இறங்குவதை எந்தச் சூழலிலும் ஏற்க முடியாது. மற்ற நான்கும் இடத்தைப் பொறுத்தவை. எந்த இடத்துக்கு எது என்று முடிவெடுக்க, முடுக்கம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு முதலில் பதில் தெரிய வேண்டும். பெரும்பாலான கருவிகள் இதைத்தான் கேட்காமல் விடுகின்றன.

## "இல்லை" என்பதில் எத்தனை வகை

செயலியிலேயே வசதி இல்லாதது ஒரு வகை. இன்டெல் இதை 2005-இலும் ஏ.எம்.டி. 2006-இலும் கொண்டுவந்தன. அதன் பிறகும் பல ஆண்டுகள் இன்டெல்லின் சில மலிவுச் செயலிகள் இது இல்லாமலே வெளிவந்தன. இன்று அத்தகைய கணினிகள் அருகிவிட்டன. ஆனால் அவற்றை இன்னும் வைத்திருப்பவர்கள் புதிது வாங்க வழியில்லாதவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

செயலியில் இருந்தும் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) அணைக்கப்பட்டிருப்பது அடுத்த வகை. இன்டெல் செயலிகளில் இதற்கென்று ஒரு கட்டுப்பாட்டுப் பதிவகம் இருக்கிறது. கணினி எழும்போது பயாஸ் அதில் வசதியை அணைத்துப் பூட்டிவிட்டால், அடுத்த மறுதொடக்கம் வரை இயங்குதளத்தாலும் அதைத் திறக்க முடியாது. நம் நிரல் எவ்வளவு உயர்ந்த அனுமதியோடு ஓடினாலும் பயன் இல்லை. பயனர்தான் பயாஸுக்குள் போக வேண்டும். நிறுவனமோ கல்லூரியோ கொடுத்த கணினி என்றால் பயாஸின் கடவுச்சொல் அவரிடம் இருக்காது.

மூன்றாவது, முடுக்கம் வேறொரு மென்பொருளின் கையில் இருப்பது. விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி இயங்கினால் செயலியின் வசதி அதன் வசம் போய்விடுகிறது. ஹைப்பர்-வி என்ற பெயரையே கேள்விப்படாத பயனருக்கும் இது நேரும். விண்டோஸ் பாதுகாப்புப் பகுதியில் நினைவக ஒருமைப்பாடு என்ற அமைப்பு போடப்பட்டிருந்தாலே கீழே ஹைப்பர்வைசர் ஓடிக்கொண்டிருக்கும். லினக்ஸிலும் இந்தப் போட்டி உண்டு. அதன் மையப் பகுதியான கெர்னலின் 6.12 பதிப்பு முதல், மெய்நிகராக்கத்துக்கான கே.வி.எம். கூறு ஏற்றப்பட்டவுடனேயே செயலியின் வசதியைத் தன் வசம் எடுத்துக்கொள்கிறது. அதனால் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் தொடங்க முடியாமல் நின்றுவிட நேர்ந்தது.

நான்காவது, அனுமதிக் குறைபாடு. கே.வி.எம்.மை அணுகும் வழியான சாதனக் கோப்பு இருக்கும், ஆனால் பயனர் அதற்குரிய குழுவில் சேர்க்கப்பட்டிருக்க மாட்டார். அல்லது நிரல், மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட சூழலான ஒரு கன்டெய்னருக்குள் ஓடும், சாதனக் கோப்பு உள்ளே கொடுக்கப்பட்டிருக்காது. ஒரே கட்டளையில் தீரக்கூடிய பிரச்சினை இது.

ஐந்தாவது, நம் நிரலே ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடுவது. வெளியே உள்ளவர் உள்ளடுக்கு மெய்நிகராக்கத்தைத் திறந்துவிட்டால்தான் உள்ளே முடுக்கம் தெரியும். வாடகைச் சேவையகங்களிலும் தானியங்கிச் சோதனை அமைப்புகளிலும் இது அன்றாட நிலவரம்.

கடைசி வகையில் கட்டமைப்பே வேறு. 2020-இல் ஆப்பிள் தன் எம்1 செயலியோடு ஆர்ம் கட்டமைப்புக்கு மாறியபோது, இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளின் கட்டமைப்பான எக்ஸ்86-க்குரிய இயங்குதளங்களை மெய்நிகர் கணினியில் ஓட்டிவந்தவர்கள் இந்த நிலைக்கு வந்தார்கள். ஆர்ம் செயலியின் மெய்நிகராக்க வசதி ஆர்ம் நிரல்களைத்தான் முடுக்கும். எக்ஸ்86 இயங்குதளத்துக்கு அங்கே எமுலேஷன் ஒன்றுதான் வழி.

இவற்றில் பயாஸும் அனுமதியும் சில நிமிடங்களில் சரியாகக்கூடியவை. செயலிக் குறையும் கட்டமைப்பு வேறுபாடும் அந்தக் கணினியில் ஒருநாளும் சரியாகாதவை. மற்ற இரண்டும் இன்னொருவர் முடிவில் இருப்பவை. ஆறுக்கும் ஒரே பதிலைச் சொல்லும் மென்பொருள், ஏதோ ஒரு பிரிவினருக்குத் தவறான பதிலைத்தான் சொல்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

கால வரம்புகள். எமுலேஷன் மெதுவானது என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு மெது என்பது வேலையைப் பொறுத்துச் சில மடங்கிலிருந்து பல பத்து மடங்கு வரை மாறும். ஆனால் உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கென்று கால வரம்புகள் இருப்பதுதான் பெரிய சிக்கல். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி ஒரு சேவை எழ இயல்பாக 90 விநாடி தருகிறது. விண்டோஸ் தன் சேவைகளுக்கு 30 விநாடி தருகிறது. லினக்ஸ் கெர்னலின் காவல் நிரல், ஒரு செயலி சுமார் 20 விநாடி அசையாமல் இருந்தால் அது சிக்கிக்கொண்டது என்று புகார் எழுதுகிறது. வேகம் ஒரு எல்லைக்குக் கீழே போனால் "மெதுவாக ஓடுகிறது" என்பது "ஓடவில்லை" என்று மாறிவிடும்.

பழுதின் முகவரி. தவறு நடந்தால் அது எங்கே தெரிகிறது? காரணம் இருக்கும் இடத்திலா, தொடர்பே இல்லாத வேறொரு இடத்திலா? நான் மிக அதிக எடை கொடுப்பது இதற்குத்தான்.

பாதுகாப்பு. இதை எழுதுகிறவர்கள் அநேகமாகக் குறிப்பிடுவதில்லை. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான கியூஎமுவின் திட்டம் தன் ஆவணத்தில் வெளிப்படையாகப் பிரித்துச் சொல்கிறது: கே.வி.எம். போன்ற வன்பொருள் முடுக்கத்தோடு ஓடும்போது, உள்ளே இருப்பவர் வெளியே தப்பிவர முடிவது பாதுகாப்புப் பிழை. டி.சி.ஜி. என்ற தன் மென்பொருள் எமுலேஷனில் ஓடும்போது அந்த உத்தரவாதம் இல்லை. அங்கே காணப்படும் பிழைகள் சாதாரணப் பிழைகளாகவே கருதப்படும். ஆக, முடுக்கியை மாற்றுவது வேகத்தை மட்டும் மாற்றுவதில்லை. நம்பத்தகாத நிரலை அடைத்து வைக்கும் சுவரையே மாற்றுகிறது.

முன்னால் யார் இருக்கிறார். திரையின் முன் ஒரு மனிதர் இருக்கிறாரா, இல்லை நள்ளிரவில் ஓடும் ஸ்கிரிப்டா? மனிதரிடம் கேள்வி கேட்கலாம்.

பராமரிப்பு. இரண்டு பாதை வைத்தால் இரண்டையும் சோதிக்க வேண்டும். பிழை அறிக்கை வரும்போது எந்தப் பாதையில் ஓடியது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

## வழி 1: மறுத்து நிறுத்துவது

ஃபயர்கிராக்கர் என்ற மெய்நிகர் கணினிக் கருவி இப்படித்தான்: கே.வி.எம். இல்லையென்றால் ஓடாது. நம்பத்தகாத நிரல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து, நொடிக்கும் குறைவான நேரத்தில் எழுப்புவதற்காக உருவானது அது. எமுலேஷன் அங்கே இரண்டு நோக்கங்களையுமே கெடுத்துவிடும். விர்ச்சுவல்பாக்ஸ் 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் தன் பழைய மென்பொருள் மெய்நிகராக்கத்தை முழுவதுமாக நீக்கியது. 64 பிட் இயங்குதளங்களுக்கு அதற்கு முன்பே வன்பொருள் வசதி கட்டாயமாக இருந்தது.

மறுப்பதன் நன்மை தெளிவு. பழுது, காரணம் இருக்கும் இடத்திலேயே, முதல் விநாடியிலேயே தெரிந்துவிடுகிறது. பாதுகாப்பு உத்தரவாதம் குறைவதில்லை. ஒரே பாதை என்பதால் பராமரிப்பும் எளிது.

இதன் மறைமுகச் செலவு பயனர்மேல் விழுகிறது. மைக்ரோசாஃப்ட் 2009-இல் விண்டோஸ் 7-க்காக வெளியிட்ட எக்ஸ்பி மோட், வன்பொருள் மெய்நிகராக்கம் இருந்தால்தான் ஓடும் என்ற நிபந்தனையோடு வந்தது. 2010 மார்ச்சில் ஒரு புதுப்பிப்பு மூலம் அந்த நிபந்தனையை மைக்ரோசாஃப்டே நீக்கியது. எக்ஸ்பி மோட் பழைய நிரல்களை ஓட்டுவதற்கான கருவி. பழைய நிரல்களை விடாமல் வைத்திருக்கும் அலுவலகங்களில் பழைய கணினிகளும் இருக்கும். யாருக்காகச் செய்தோமோ அவர்களையே வாசலில் தடுக்கும் மறுப்பு, தொழில்நுட்ப ரீதியில் எவ்வளவு சரியாக இருந்தாலும் நிலைக்காது.

இன்னொரு செலவு, மறுப்புச் செய்தி பொய்யாகிவிடுவது. "பயாஸில் வி.டி.-எக்ஸைப் போடுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தை ஆறு வகைக்கும் காட்டினால், ஹைப்பர்-வி ஓடும் கணினியில் பயனர் பயாஸைத் திறந்து பார்ப்பார். வசதி ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். குழம்பிப்போய் அணைத்து மறுபடி போடுவார், ஒன்றும் மாறாது. ஆர்ம் மடிக்கணினி வைத்திருப்பவருக்கு அந்த வாக்கியத்தால் எந்தப் பயனும் இல்லை. காரணம் சொல்லாத மறுப்பைவிடத் தவறான காரணம் சொல்லும் மறுப்பு கொடுமையானது. ஒரு மனிதரின் மாலைப்பொழுது முழுவதையும் அது தின்றுவிடும்.

மறுப்பு பொருந்தும் இடங்கள்: பாதுகாப்பே நோக்கமாக இருக்கும் கருவிகள், உற்பத்திச் சேவையகங்கள், வேகம் வாக்குறுதியின் பகுதியாக இருக்கும் சேவைகள்.

## வழி 2: சொல்லாமல் எமுலேஷனுக்கு இறங்குவது

இதற்கான வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். பயனருக்கு வேண்டியது ஓடும் ஒரு மெய்நிகர் கணினி. உள்ளே எந்த முடுக்கி என்பது அவர் கவலை அல்ல. ஓடாமல் இருப்பதைவிட மெதுவாக ஓடுவது மேல்.

இதை ஏன் ஏற்கவில்லை என்பதற்கு எக்ஸ்86 செயலியின் வரலாற்றிலேயே நல்ல சான்று இருக்கிறது. ஒரு கணினிக் கட்டமைப்பை முறையாக மெய்நிகராக்க என்ன வேண்டும் என்பதை 1974-இல் போபெக்கும் கோல்ட்பெர்கும் வரையறுத்தார்கள்: கணினியின் நிலையைத் தொடும் ஒவ்வோர் ஆணையும், குறைந்த அனுமதியில் ஓடும்போது, தடைபட்டு மேற்பார்வையாளரிடம், அதாவது ஹைப்பர்வைசரிடம், வந்து நிற்க வேண்டும். எக்ஸ்86 இதில் தவறியது. பாப்எஃப் என்ற ஆணையைப் பாருங்கள். இயங்குதளம் அதைக் கொண்டு குறுக்கீடுகளை (செயலியை இடைமறிக்கும் அழைப்புகளை) அணைக்கலாம், போடலாம். குறைந்த அனுமதியில் அதே ஆணையை ஓட்டினால் செயலி பிழை எழுப்பாது. அந்த மாற்றத்தைக் கண்டும் காணாமல் கைவிட்டு அடுத்த ஆணைக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் இயங்குதளம் குறுக்கீடுகளை அணைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும். மேற்பார்வையாளருக்கு எதுவும் தெரியாது. பென்டியம் செயலிகளை ஆராய்ந்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படிச் சிக்கலான 17 ஆணைகளைப் பட்டியலிட்டது. 1999-இல் வந்த வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் ஓடும் நிரலை அவ்வப்போதே மொழிபெயர்த்தும், 2003-இல் வெளியான சென் என்ற ஹைப்பர்வைசர் உள்ளே ஓடும் இயங்குதளத்தையே திருத்தியும் சமாளிக்க வேண்டி வந்ததற்கு இந்த மௌனமே காரணம். வி.டி.-எக்ஸும் ஏ.எம்.டி.-வியும் இந்த மௌனத்துக்குத் தீர்வாகத்தான் வந்தன. அந்தத் தீர்வு கிடைக்காத இடத்தில், அதே மௌனத்தை நம் மென்பொருளின் மேலடுக்கில் மறுபடி எழுப்புவது நியாயமாகப் படவில்லை.

நடைமுறையில் இது எப்படிக் கடிக்கும் என்பதையும் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு தானியங்கிச் சோதனை அமைப்பு, முடுக்கியாகக் கே.வி.எம்., அது இல்லையென்றால் டி.சி.ஜி. என்று கட்டளையில் எழுதியிருக்கிறார்கள். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடுகிறது. ஒருநாள் சோதனைக் கணினியின் கன்டெய்னர் அமைப்பு மாற்றப்படுகிறது. சாதனக் கோப்பு உள்ளே போவதில்லை. கியூஎமு "டி.சி.ஜி.க்கு இறங்குகிறேன்" என்று ஒரு வரி எழுதுகிறது, ஸ்கிரிப்ட் பிழை வெளியீட்டை எங்கோ கொட்டிவிடுவதால் யார் கண்ணிலும் அது படவில்லை. உள்ளே இருக்கும் லினக்ஸ் எழுகிறது, தரவுத்தளச் சேவை 90 விநாடிக்குள் எழாததால் கொல்லப்படுகிறது. சோதனை அறிக்கையில் வருவது "தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை". தரவுத்தளக் குழு தன் கடைசி மாற்றங்களைத் தோண்டத் தொடங்குகிறது. அடுத்த முறை சுமை குறைந்த நேரத்தில் ஓடி, 85 விநாடியில் சேவை எழுந்து, சோதனை தேறிவிடுகிறது. இப்போது பெயர் "சில சமயம் தோற்கும் சோதனை". அனுமதி மாறிய கதை யாருக்கும் தெரியாது.

செயலியின் அடையாளமும் மாறும். கே.வி.எம்.மில் வெளிச் செயலியை அப்படியே உள்ளே காட்ட முடியும், டி.சி.ஜி.யில் அது முடியாது. கியூஎமுவின் இயல்புச் செயலி மாதிரி மிக அடக்கமானது. சில புதிய லினக்ஸ் விநியோகங்கள் எக்ஸ்86-64-இன் இரண்டாம் நிலை ஆணைகளை எதிர்பார்க்கின்றன. இயல்பு மாதிரியில் அவை இல்லாததால், எழும் வழியிலேயே சி நூலகம் "செயலி போதாது" என்று சொல்லிப் படுத்துவிடும். பார்ப்பவர் வட்டுப் பிம்பம் கெட்டுவிட்டதாக நினைப்பார்.

சொல்லாமல் இறங்குவதற்கு இன்னொரு உருவமும் உண்டு: பட்டியலைச் சுருக்குவது. விர்ச்சுவல்பாக்ஸின் பழைய பதிப்புகளில் வி.டி.-எக்ஸ் அணைந்திருந்தால், புதிய கணினி உருவாக்கும் சாளரத்தில் 64 பிட் இயங்குதளங்களின் பெயர்கள் பட்டியலிலேயே வராது. 32 பிட் பெயர்கள் மட்டும் இருக்கும். ஏன் என்று எங்கும் எழுதியிருக்காது. தவறான கோப்பை இறக்கிவிட்டோமோ என்றுதான் புதியவர் நினைப்பார்.

இந்த வழி பொருந்தும் இடம் எனக்குத் தென்படவில்லை. ஒன்றை மட்டும் இதிலிருந்து பிரித்து வைக்கிறேன்: முடுக்கத்தின் ஒரு பகுதி மட்டும் இல்லாமல் இருப்பது. உள்ளே ஓடும் கணினியின் நினைவக முகவரிகளைச் செயலியே மாற்றித் தரும் இரண்டடுக்கு நினைவகப் பட்டியல் வசதி இல்லாத பழைய செயலியில், ஹைப்பர்வைசர் நிழல் பட்டியல்களை வைத்துச் சமாளிக்கும். வேகம் குறையும்; ஆனால் செயலியின் அடையாளமும் தனிமைப்படுத்தும் முறையும் அப்படியே இருக்கும். அதைப் பதிவுக் கோப்பில் ஒரு வரியாக எழுதினால் போதும்.

## வழி 3: எச்சரித்துவிட்டு இறங்குவது

கே.வி.எம். கிடைக்காதபோது, மெய்நிகர் கணினிகளைச் சாளரத்தில் நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜர் தன் சாளரத்தில் அதைச் சொல்லிவிடுகிறது: கே.வி.எம். தொகுப்பு நிறுவப்படாமல் இருக்கலாம், கெர்னல் கூறு ஏற்றப்படாமல் இருக்கலாம், மெய்நிகர் கணினிகள் மந்தமாக ஓடலாம். மனிதர் முன்னால் இருக்கும்போது இது நேர்மையான வழி. அவருக்குக் காரணமும் தெரிகிறது, விளைவும் தெரிகிறது, தொடரலாமா என்ற முடிவு அவரிடமே இருக்கிறது.

இதன் பலவீனம் எச்சரிக்கையின் ஆயுள். தொடங்கும்போது ஒருமுறை தோன்றி மறையும் செய்தி, மூன்று மணி நேரம் கழித்து ஏதோ ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும்போது யாருக்கும் நினைவில் இருக்காது. இந்த விஷயத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் பின்னர் செய்த ஒன்று எனக்குப் பிடிக்கும். விண்டோஸில் ஹைப்பர்-வி வழியாக ஓட நேர்ந்தால், சாளரத்தின் கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமைப் படம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கணினி ஓடும் வரை அது அங்கேயே இருக்கும். மெதுவாக இருக்கிறதே என்று தோன்றும் கணத்தில் பதில் கண்முன்னே இருக்கிறது. எச்சரிக்கை என்பது நிலைகாட்டியாக இருக்க வேண்டும். ஒருமுறை அறிவிப்பாக முடிந்துவிடக் கூடாது.

ஆள் இல்லாத இடத்தில் இந்த வழிக்கும் இரண்டாவது வழிக்கும் வேறுபாடு இல்லை. யாரும் படிக்காத பதிவுக் கோப்பில் எழுதுவது சொல்வதாகாது.

## வழி 4: முன்பே அனுமதித்தால் மட்டும் இறங்குவது

மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் நூலகமான லிப்விர்ட் இதை நேர்த்தியாகச் செய்கிறது. மெய்நிகர் கணினியின் வரையறையிலேயே வகை எழுதப்படுகிறது: "கே.வி.எம்." அல்லது "கியூஎமு". முன்னதை எழுதி, கே.வி.எம். இல்லையென்றால் பிழையோடு நிற்கும். தானாகப் பின்னதுக்கு மாறாது. கன்டெய்னர் அமைப்பில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கூபெவிர்ட்டிலும் எமுலேஷன் இயல்பாக அணைந்தே இருக்கும். நிர்வாகி அமைப்பில் எழுதிப் போட்டால்தான் வரும். ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் முடுக்கத்தைப் போடு, அணை, தானாகத் தீர்மானி என்று மூன்று நிலை உண்டு. முடுக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும் தனிக் கட்டளையும் உண்டு.

கியூஎமுவிலும் இது முடியும், ஆனால் இயல்பு அமைப்பில் ஒரு பொறி இருக்கிறது. முடுக்கி எதையும் குறிப்பிடாமல் ஓட்டினால், கே.வி.எம். நன்றாக வேலை செய்யும் கணினியிலும் டி.சி.ஜி.தான் வரும். கே.வி.எம்.மை மட்டும் குறிப்பிட்டால், கிடைக்காதபோது நின்றுவிடும். இரண்டையும் வரிசையாகக் குறிப்பிட்டால், முதலாவது தோற்றால் இரண்டாவதுக்குப் போகும். மூன்றாவது முறையில் இறங்குவது பிழையே அல்ல. எழுதியவர் கேட்டதைத்தான் கருவி செய்கிறது. மேலே சொன்ன சோதனை அமைப்பில் தவறு கியூஎமுவுடையது அல்ல. வேறெங்கிருந்தோ எடுத்த கட்டளையில் அந்த அனுமதியும் சேர்ந்தே வந்துவிட்டது.

இந்த வழியின் மறைமுகச் செலவும் அதுதான்: அனுமதி ஒட்டிக்கொள்கிறது. சோதனைச் சூழலுக்காக ஒருவர் "கியூஎமு" என்று எழுதிய வரையறை, நகலெடுக்கப்பட்டு உற்பத்திச் சேவையகத்துக்குப் போகிறது. அங்கே முடுக்கம் இருந்தும் பயன்படாமல் கிடக்கும். அனுமதி கொடுத்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஆகவே, எந்த முடுக்கி கேட்கப்பட்டது, எது உண்மையில் பயன்படுகிறது என்ற இரண்டையும் கருவி ஒவ்வொரு தொடக்கத்திலும், நிரல்கள் படிக்கக்கூடிய வடிவில் வெளியிட வேண்டும். முடுக்கம் இருக்கும் கணினியில் எமுலேஷன் கேட்கப்பட்டிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். கியூஎமுவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடுக்கியை மாற்றவும் முடியாது. தொடக்கத்தில் கவனிக்காவிட்டால், அணைத்து எழுப்பும் வரை அப்படியே ஓடும்.

## வழி 5: வேறொரு ஹைப்பர்வைசரிடம் வாங்குவது

மூன்றாவது வகைக்கு, அதாவது முடுக்கம் வேறொருவர் கையில் இருக்கும் நிலைக்கு, இதுதான் சரியான பதில். ஆப்பிள் 2014-இல் மேக் இயங்குதளத்தின் யோசமிட்டி பதிப்போடு ஹைப்பர்வைசர் ஃபிரேம்வொர்க்கைக் கொடுத்தது. விண்டோஸில் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் என்ற இடைமுகம் இருக்கிறது. 2018-இல் வந்த கியூஎமு 2.12 இரண்டையும் பயன்படுத்தத் தொடங்கியது, வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் 2020-இல் 15.5.5 பதிப்பு முதல் ஹைப்பர்-வி ஓடும் கணினியிலும் அதன் வழியாக ஓடுகிறது.

இது எமுலேஷன் அல்ல. முடுக்கம் உண்மையாகவே கிடைக்கிறது. ஆனால் இலவசமும் அல்ல. நேரடிக் கட்டுப்பாட்டைவிட வேகம் குறையும். உள்ளடுக்கு மெய்நிகராக்கம் போன்ற சில வசதிகள் கிடைக்காமல் போகலாம். பயனர் விண்டோஸின் கூடுதல் வசதிகள் பட்டியலில் அந்த இடைமுகத்தைப் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனிப் பின்னணி எழுதிப் பராமரிக்க வேண்டும்.

ஆனாலும், மாற்றாக இருந்த பாதையைப் பாருங்கள். சொந்த முடுக்கி டிரைவரை எழுதிக் கெர்னலில் ஏற்றும் வழியில் போன கே-கியூஎமு 2009-இல் கியூஎமுவிலிருந்து நீக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு எமுலேட்டர் நெடுநாள் நம்பியிருந்த இன்டெல்லின் ஹேக்ஸம் 2023-இல் நிறுத்தப்பட்டது. இயங்குதளமே கொடுக்கும் இடைமுகத்தைச் சார்ந்திருப்பதுதான் நீண்ட காலத்துக்கு உதவும்.

## ஒரே பார்வையில்

| வழி | பழுது எங்கே தெரியும் | பாதுகாப்பு | மறைமுகச் செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| மறுப்பது | தொடக்கத்திலேயே | குறையாது | பழைய கணினிக்காரர்கள் வெளியே நிற்பார்கள் | உற்பத்தி, பாதுகாப்புக் கருவிகள் |
| சொல்லாமல் இறங்குவது | தொடர்பில்லாத இடத்தில் | தெரியாமலே குறையும் | பல குழுக்களின் நேரம் | எங்கும் இல்லை |
| எச்சரித்து இறங்குவது | திரையில், அது நிலைத்திருந்தால் | தெரிந்தே குறையும் | மறந்துபோகும் எச்சரிக்கை | மேசைக் கணினி, கற்பவர்கள் |
| அனுமதித்தால் இறங்குவது | தொடக்கத்திலேயே | கேட்டவர் பொறுப்பு | ஒட்டிக்கொள்ளும் அமைப்பு | சோதனை அமைப்பு, ஸ்கிரிப்ட், நூலகங்கள் |
| வேறிடத்தில் வாங்குவது | பழுதே இல்லாமல் போகலாம் | பெரும்பாலும் குறையாது | பின்னணிகளின் பராமரிப்பு | விண்டோஸ், மேக் |

## எந்தச் சூழலுக்கு எதைத் தேர்வது

கட்டளை வரிக் கருவியோ நூலகமோ எழுதுகிறீர்கள் என்றால் நான்காவது வழியை இயல்பாக வையுங்கள். உங்களை யார், எதற்காக அழைப்பார் என்று உங்களுக்குத் தெரியாது, அழைப்பவர் சொல்லட்டும்.

சாளரத்தோடு கூடிய மேசைக் கருவி என்றால், முதலில் ஐந்தாவது வழியை முயலுங்கள். அது முடியாவிட்டால் காரணத்தைப் பாருங்கள். பயாஸ், அனுமதி போன்று சரியாகக்கூடிய காரணமாக இருந்தால், உடனே எமுலேஷனுக்கு இறங்காதீர்கள். சரிசெய்யும் படிகளைக் காட்டி, "இப்போதைக்கு மெதுவாக ஓட்டு" என்ற பொத்தானைப் பக்கத்தில் வையுங்கள். உடனே இறங்கினால், ஐந்து நிமிட வேலையில் பல மடங்கு வேகம் கிடைத்திருக்கும் என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். ஆர்ம் மடிக்கணினியில் எக்ஸ்86 போன்று சரியாகாத காரணம் என்றால், எமுலேஷன்தான் அவருக்கான வழி. அங்கே எச்சரிக்கையை அச்சுறுத்தலாக எழுத வேண்டாம், நிலைகாட்டி ஒன்று இருந்தால் போதும்.

கற்பிப்பதற்காகச் செய்யும் கருவியில் நான் கொஞ்சம் தாராளமாக இருப்பேன். பயாஸின் கடவுச்சொல் இல்லாத மாணவர், மெதுவாகவேனும் ஓர் இயங்குதளம் எழுவதைப் பார்க்க வேண்டும். ஆனால் இயல்பு உள்ளடக்கத்தை மெதுவான கணினிக்கேற்ப வையுங்கள்: வரைகலைச் சூழல் இல்லாத சிறிய பிம்பம், நீட்டிய கால வரம்புகள். வேகமான கணினிக்குத் தயாரித்த பிம்பத்தை அப்படியே எமுலேஷனில் ஓட்டச் சொல்வது ஆதரவு தருவதாகாது.

நம்பத்தகாத நிரல்களை அடைத்து வைக்க மெய்நிகர் கணினியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மறுப்பதைத் தவிர வேறு பேச்சே வேண்டாம். அனுமதி கொடுத்தாலும் இறங்கும் வழியே இல்லாதபடி அந்தப் பாதையைத் தொகுப்பிலிருந்தே நீக்கிவிடுங்கள்.

## கண்டறிவதையும் சொல்வதையும் எப்படிச் செய்வது

செயலியின் அடையாளப் பட்டியலில் வசதியின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பயாஸில் அணைந்திருந்தாலும் லினக்ஸின் சில பதிப்புகளில் அந்தப் பெயர் தெரியும். அனுமதி இல்லாதபோதும் தெரியும். சாதனத்தை உண்மையாகவே திறந்து, ஒரு வெற்று மெய்நிகர் கணினியை உருவாக்கிப் பார்ப்பதுதான் நம்பத்தகுந்த சோதனை. தோற்றால் திரும்பிவரும் பிழை எண்ணே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்: கோப்பு இல்லை என்பது வேறு, அனுமதி இல்லை என்பது வேறு. மீதிப் பாதிக்கு, நாமே ஒரு ஹைப்பர்வைசருக்குள் ஓடுகிறோமா என்று செயலியிடம் கேளுங்கள். அதற்கென்று ஓர் அடையாள பிட் இருக்கிறது.

செய்தியை எழுதும்போது மூன்று விஷயம் வர வேண்டும்: என்ன கிடைக்கவில்லை, ஏன், அடுத்து இவர் செய்யக்கூடியது என்ன. "கே.வி.எம். சாதனம் இருக்கிறது, ஆனால் உங்கள் கணக்குக்கு அதைத் திறக்க அனுமதி இல்லை. இந்தக் குழுவில் உங்கள் கணக்கைச் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்." இவ்வளவுதான். "வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்" என்ற பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குழு மாற்றம் ஓடிக்கொண்டிருக்கும் அமர்வுக்கு வராது என்பதால், பயனர் கட்டளையை ஓட்டிவிட்டு அதே பிழையை மறுபடி பார்த்து, வழிகாட்டுதலே தவறு என்று முடிவு கட்டிவிடுவார். ஸ்கிரிப்ட்களுக்காக, முடுக்கம் இல்லை என்பதற்குத் தனி முடிவு எண் ஒன்றும் கொடுங்கள்; மற்றப் பிழைகளோடு அதைக் கலக்காதீர்கள்.

நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும், முடுக்கம் இல்லாத நிலையைச் சோதனைத் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். உருவாக்குபவர்களின் கணினிகளில் எப்போதும் முடுக்கம் இருக்கும். அதனால் அந்தப் பாதை யாரும் ஓட்டாமல் துருப்பிடிக்கும். சாதனக் கோப்பின் அனுமதியை எடுத்துவிட்டு ஒருமுறை, கோப்பே இல்லாத கன்டெய்னரில் ஒருமுறை, உள்ளடுக்கு வசதி மூடிய மெய்நிகர் கணினிக்குள் ஒருமுறை, வேறு கட்டமைப்புக்கான பிம்பத்தோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான்கிலும் ஒரே செய்தி வந்தால், கண்டறியும் பகுதியை இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று பொருள்.